டெக்சாஸ் எல்.எல்.சி-க்கு குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட்: எந்த ஆபீஸ், எந்தத் தாள்?

மாவரைக்கிறவன் எழுதியது:

வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் நானும் மனைவியும் இட்லி தோசை மாவு அரைத்து இந்திய மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம். 2022-ல் எல்.எல்.சி (கம்பெனிக் கடன் நம் சொந்தத் தலையில் விழாமல் காக்கும் கம்பெனி வகை) பதிவு செய்தோம். இதுவரை மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து வேறொருவர் கிச்சனில்தான் வேலை. இப்போது சொந்தமாக ஒரு சின்ன இடம் பிடித்து, பெரிய டில்டிங் கிரைண்டர் இரண்டும் ஒரு வாக்-இன் கூலரும் போடலாம் என்று லோனுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நேற்று லோன் ஆபீசர் ஒரு மெயில் தட்டிவிட்டார்: டெக்சாஸ் மாநிலத்திடமிருந்து சர்டிபிகேட் ஆஃப் குட் ஸ்டாண்டிங் (கம்பெனி ஒழுங்கான நிலையில் இருக்கிறது என்ற சான்று) வேண்டும், எடுத்து 30 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் மெயில். கம்பெனிகளைப் பதிவு செய்கிற செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ் தளத்தில் போய்த் தேடினால் அந்தப் பெயரில் ஒரு சர்டிபிகேட்டே காணோம். கூகுளில் தேடினால் முதலில் வருகிற தனியார் தளங்கள் எல்லாம் நூறு டாலருக்குக் குறையாமல் கேட்கின்றன.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. மாநில வரி ஆபீஸான கம்ப்ட்ரோலர் தளத்தில் எங்கள் கம்பெனி பெயரைப் போட்டுப் பார்த்தேன், 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு என்னமோ இருக்கிறது. செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் பக்கத்தில் 'ஃபார்ஃபிட்டட் எக்சிஸ்டன்ஸ்' என்று போட்டிருக்கிறது. அதாவது கம்பெனியே இல்லை என்கிறார்களா? நாங்கள் தினமும் மாவு விற்றுக்கொண்டுதானே இருக்கிறோம். சேல்ஸ் டாக்ஸ், வருமான வரி எதிலும் பாக்கி கிடையாது. ஃபிரான்சைஸ் டாக்ஸ் (கம்பெனிகள் மாநிலத்துக்குக் கட்டும் வரி) வருகிற அளவுக்கு வியாபாரமும் இல்லை. 2024-லிருந்து சின்னக் கம்பெனிகள் எதுவும் ஃபைல் பண்ண வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், அதை நம்பி விட்டுவிட்டேன். யாராவது வழி சொல்லுங்கள். லீஸில் கையெழுத்துப் போட இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

ஹூஸ்டன்காரன் எழுதியது:

ரொம்பக் குழப்பிக்க வேண்டாம் பாஸ். ஈ.ஐ.என் என்கிற கம்பெனி வரி எண்ணைக் கொடுத்தபோது ஐ.ஆர்.எஸ் ஒரு கடிதம் அனுப்பியிருக்கும், அதையும் பதிவுச் சான்றிதழையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். நான் பேங்க் அக்கவுண்ட் திறந்தபோது அது போதும் என்றார்கள்.

பழைய ஆடிட்டர் எழுதியது:

ஹூஸ்டன்காரன் தம்பி, அக்கவுண்ட் திறக்க அது போதும், லோனுக்குப் போதாது. ஐ.ஆர்.எஸ் மத்திய அரசு. எண் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது, உங்கள் கம்பெனி டெக்சாஸில் உயிரோடு இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பதிவுச் சான்றிதழ் என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இப்போது லோன்காரர் கேட்பது நம்ம ஊர் பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற ஆயுள் சான்று. பிறந்த சீட்டைக் காட்டினால் பென்ஷன் வருமா?

மாவரைக்கிறவன், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் இந்தக் காகிதத்தை இரண்டு ஆபீஸ்கள் தருகின்றன, இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. குழப்பமே அங்கேதான். செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தருவதற்குப் பெயர் 'சர்டிபிகேட் ஆஃப் ஃபேக்ட், ஸ்டேட்டஸ்'. 15 டாலர். எஸ்.ஓ.எஸ் டைரக்ட் தளத்தில் கணக்குத் திறந்து எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தேடலுக்கும் 1 டாலர் தனியாகப் பிடிப்பார்கள். இந்த எல்.எல்.சி இன்ன தேதியில் பதிவானது, இன்று இருப்பில் இருக்கிறது, இவ்வளவுதான் அதில் இருக்கும். இரண்டாவது கம்ப்ட்ரோலர் ஆபீஸ் தருவது, பெயர் 'சர்டிபிகேட் ஆஃப் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்', இலவசம். (கம்ப்ட்ரோலர் என்று எழுதினாலும் கன்ட்ரோலர் என்றுதான் சொல்ல வேண்டுமாம், எனக்கு இருபது வருஷமாக வாயில் வரவில்லை.) ஃபிரான்சைஸ் டாக்ஸ் ரிப்போர்ட்டோ பணமோ பாக்கி இல்லை, ஆகவே எங்கள் ஆபீஸைப் பொறுத்தவரை குட் ஸ்டாண்டிங்கில் இருக்கிறது என்று அது சொல்லும். அடுத்த ரிப்போர்ட் தேதியான மே 15 வரை செல்லும் என்றும் இருக்கும். இந்தக் கம்பெனி செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றும் கீழே ஒரு வரி இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த லோன்காரர்கள் இரண்டையும் கேட்பார்கள். விவரம் தெரியாதவர்கள் 'குட் ஸ்டாண்டிங்' என்று மொட்டையாக எழுதிவிட்டு, எதைக் கொடுத்தாலும் இது அது இல்லையே என்பார்கள்.

இப்போது கம்பெனி ஏன் செத்தது என்பது. உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது முக்கால் உண்மை. 2024 ரிப்போர்ட்டிலிருந்து, வருஷ வருவாய் ஒரு வரம்புக்கு மேல் போகாத கம்பெனிகள் (2024, 2025-க்கு அந்த வரம்பு 24 லட்சத்து 70 ஆயிரம் டாலர்) 'நோ டாக்ஸ் டியூ' ரிப்போர்ட் போட வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். ஆனால் பி.ஐ.ஆர் என்கிற பப்ளிக் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்டை எடுக்கவில்லை. படிவம் 05-102. கம்பெனியின் முகவரி, மேனேஜர், மெம்பர் பெயர்கள், அவ்வளவுதான் அதில். வரி பூஜ்யம், கட்டணம் பூஜ்யம், ஆனாலும் வருஷா வருஷம் மே 15-க்குள் போட்டாக வேண்டும். 'எதுவும் வேண்டாமாம்' என்று கேள்விப்பட்டு இதில் மாட்டினவர்கள் என்னிடமே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், ஒருவர் பெரிய கேட்டரிங்காரர்.

போடாவிட்டால் கம்ப்ட்ரோலர் முதலில் நோட்டீஸ் அனுப்புவார். 45 நாளில் சரிசெய்யவில்லை என்றால் டெக்சாஸில் வியாபாரம் செய்யும் உரிமை பறிபோகும். அதற்கப்புறமும் 120 நாள் சும்மா இருந்தால் கோப்பு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்குப் போய், அவர்கள் பதிவையே ரத்து செய்யலாம். நீங்கள் பார்த்த 'ஃபார்ஃபிட்டட் எக்சிஸ்டன்ஸ்' அந்தக் கடைசிப் படி. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உரிமை போன நிலையில் கம்பெனி பெயரில் டெக்சாஸ் கோர்ட்டில் கேஸ் போடவும் முடியாது, வந்த கேஸை எதிர்த்து வாதாடவும் முடியாது. அந்தச் சமயத்தில் கம்பெனி பெயரில் ஏற்படும் கடனுக்கு நீங்களும் மனைவியும் நேரடிப் பொறுப்பு ஆகலாம். எல்.எல்.சி என்று ஒன்றை ஆரம்பித்ததே அது வரக் கூடாது என்பதற்காகத்தானே.

நோட்டீஸ் உங்களுக்கு வரவில்லையா? எந்த முகவரிக்குப் போனது என்று பாருங்கள்.

மாவரைக்கிறவன் எழுதியது:

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நோட்டீஸ் வரவே இல்லை, இப்போதுதான் ஏன் என்று புரிகிறது. பதிவு செய்தபோது அர்விங்கில் அபார்ட்மென்டில் இருந்தோம். ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (கம்பெனிக்கு வரும் அதிகாரபூர்வக் கடிதங்களை வாங்கிக்கொள்பவர்) நானேதான், முகவரி அந்த அபார்ட்மென்ட். 2023-ல் வீடு மாறினோம். தபால் ஆபீசில் முகவரி மாற்றம் கொடுத்தேன், அது ஒரு வருஷத்தோடு நின்றுபோனது. மாநிலத்துக்குச் சொல்லத் தோன்றவே இல்லை. டிரைவிங் லைசென்ஸில்கூட மாற்றினேன், கம்பெனியில் மாற்றவில்லை.

சரி, செத்த கம்பெனியை எழுப்ப முடியுமா? புதிதாக இன்னொன்று பதிவு பண்ணிவிடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

பழைய ஆடிட்டர் எழுதியது:

புதிது வேண்டவே வேண்டாம். ஹெல்த் பர்மிட், சேல்ஸ் டாக்ஸ் பர்மிட், இன்சூரன்ஸ், கடைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம் எல்லாம் பழைய கம்பெனி பெயரில் இருக்கிறது. லோன் கொடுப்பவரும் மூன்று வருஷக் கணக்கைப் பார்த்துத்தானே கொடுக்கிறார், நேற்றுப் பிறந்த கம்பெனிக்கு யார் கொடுப்பார்கள்?

எழுப்பலாம். வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் கம்ப்ட்ரோலரின் வெப்ஃபைல் தளத்தில் விட்டுப்போன பி.ஐ.ஆர் எல்லாவற்றையும் போட வேண்டும். உள்ளே போக 11 இலக்க டாக்ஸ்பேயர் எண்ணும், எக்ஸ்.டி என்று ஆரம்பிக்கும் வெப்ஃபைல் எண்ணும் வேண்டும். அந்த எண் அவர்கள் அனுப்பும் கடிதத்தில்தான் இருக்கும், கடிதம் அர்விங் போயிருக்கும், அதனால் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் சீக்கிரம் எடுப்பார்கள், பத்து மணிக்கு மேல் பாட்டுக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எல்லாம் போட்ட பிறகு டாக்ஸ் கிளியரன்ஸ் லெட்டர் கேளுங்கள், படிவம் 05-391. அந்த லெட்டர் கையில் வந்தால்தான் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் படிவம் 801 போட முடியும், 75 டாலர். லெட்டர் இல்லாமல் 801-ஐ மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு வாரம் வீண்.

அதோடு மறக்காமல் படிவம் 401, 15 டாலர், ஏஜென்ட் முகவரியை மாற்ற. பி.ஐ.ஆரில் புது முகவரி எழுதினேனே, தானாக மாறிவிடும் என்று நினைப்பார்கள். மாறாது. அது வேறு ஆபீஸ், இது வேறு ஆபீஸ். இதை விட்டால் ஏஜென்டுக்கு வரும் கடிதம் அர்விங்குக்குத்தான் போகும்.

ஒரே ஒரு பயம் உங்கள் கம்பெனி பெயர். ரத்தாகிக் கிடந்த நாளில் வேறு யாராவது அதே பெயரில் பதிவு செய்திருந்தால் நீங்கள் பெயரை மாற்றித்தான் எழ வேண்டும். இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

பே ஏரியா அக்கா எழுதியது:

ஆடிட்டர் சார் டெக்சாஸ் கதை சொன்னார், எங்கள் கலிஃபோர்னியா கதையும் கேளுங்கள், இங்கேயும் ரெட்டைத் தலைதான். செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டின் பிஸ்ஃபைல் தளத்தில் 'சர்டிபிகேட் ஆஃப் ஸ்டேட்டஸ்' 5 டாலர். ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டு 'என்டிட்டி ஸ்டேட்டஸ் லெட்டர்' என்று ஒன்று இலவசமாகத் தரும். எல்.எல்.சி லாபம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வருஷம் 800 டாலர் கட்ட வேண்டும், அதுபோக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன், 20 டாலர். நான் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன், கோவிட் வருஷம் வகுப்பே நடக்கவில்லை, வருமானமே இல்லாதபோது எதற்கு 800 என்று விட்டுவிட்டேன். அப்புறம் பள்ளி அரங்கம் ஒன்றை சலங்கை பூஜைக்கு வாடகைக்குக் கேட்டபோது சர்டிபிகேட் கேட்டார்கள், பார்த்தால் 'சஸ்பெண்டட்'. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துக் கட்டி, நிலைமை சரியாகி வருவதற்குள் தேதி போய்விட்டது. பூஜையைக் கடைசியில் கோயில் ஹாலில் வைத்தோம்.

இன்னொன்று. சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம் என்று தபாலில் ஒரு தாள் வரும், பார்க்க அப்படியே அரசாங்கக் கடிதம் மாதிரி, முத்திரை, பார்கோடு, 'கடைசித் தேதி' எல்லாம் இருக்கும். 5 டாலர் சமாச்சாரத்துக்கு எண்பது தொண்ணூறு டாலர் கேட்பார்கள். கீழே பொடி எழுத்தில் 'நாங்கள் அரசு நிறுவனம் அல்ல' என்று இருக்கும். என் மாமனார் நான் ஊரில் இல்லாத நேரத்தில் செக் எழுதிப் போட்டுவிட்டார். திட்டவும் முடியவில்லை.

நியூஜெர்சி டீக்கடை எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நான் எல்.எல்.சி எல்லாம் இல்லை, கவுண்டியில் டி.பி.ஏ என்கிற கடைப் பெயர் மட்டும் பதிவு செய்து தனி ஆளாக நடத்துகிறேன். எனக்கும் இந்த சர்டிபிகேட் கிடைக்குமா?

பழைய ஆடிட்டர் எழுதியது:

கிடைக்காது. நீங்கள்தான் கடை, கடைதான் நீங்கள். மாநிலம் உங்களைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்யவில்லை, அப்புறம் எதற்குச் சான்று கொடுக்கும்? யாராவது கேட்டால் டி.பி.ஏ பதிவு நகலைக் கொடுத்து, சோல் புரொப்ரைட்டர் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள். வரி பாக்கி இல்லை என்ற கிளியரன்ஸ் கேட்டால் அது தனி விஷயம்.

டெலவேரில் மாட்டியவன் எழுதியது:

நான் என் சோகத்தையும் கொட்டிவிடுகிறேன், பேர் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆஸ்டினில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன், டெலவேரில் பதிவு செய்தால் வரியே இல்லை என்று ஒரு யூடியூப் பிரகஸ்பதி சொன்னதைக் கேட்டு அங்கே எல்.எல்.சி போட்டேன். வருஷ ரிப்போர்ட் கிடையாது, நிஜம்தான். ஆனால் ஜூன் 1-க்குள் 300 டாலர் கட்ட வேண்டும், தவறினால் 200 அபராதம், மேலே மாதம் ஒன்றரை சதவீதம் வட்டி. நம் கம்பெனி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கக்கூட 10 டாலர் கேட்கிறார்கள், டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் தளத்தில் அது இலவசம்! சர்டிபிகேட் ஷார்ட் ஃபார்ம் 50 டாலர். அப்புறம் தெரிகிறது, வேலை நடப்பது டெக்சாஸில் என்பதால் இங்கேயும் வெளிமாநிலக் கம்பெனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம், 750 டாலர். ஆக இரண்டு மாநிலத்திலும் குட் ஸ்டாண்டிங் காப்பாற்றிக்கொண்டு கிடக்கிறேன்.

போன வருஷம் கோயம்புத்தூரில் ஒரு துணை நிறுவனம் ஆரம்பித்தோம். அங்கே இருக்கிற கம்பெனி செக்ரட்டரி அம்மா தாய்க் கம்பெனி காகிதங்களோடு குட் ஸ்டாண்டிங்கும் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் உறுதிச் சான்று) பண்ணி அனுப்பச் சொன்னார். இந்தியா 2005-லிருந்து அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் தூதரகப் படியேற வேண்டாம், அந்த வகையில் நிம்மதி. ஆனால் நான் செய்த முட்டாள்தனம், டெலவேர் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்டின் ஆபீசுக்குப் போனது, பக்கத்தில்தானே இருக்கிறது என்று. எந்த மாநிலம் சர்டிபிகேட் கொடுத்ததோ அந்த மாநிலம்தான் அப்போஸ்டில் போட முடியும், டெலவேர் அதிகாரி கையெழுத்தை டெக்சாஸ் எப்படி உறுதி செய்யும்? கவுண்டரில் இருந்த பெண்மணி சிரிக்காமல் சொன்னார், அதுவரைக்கும் சந்தோஷம். ஊருக்கு அனுப்புகிறவர்கள் ஆர்டர் போடும்போதே 'அப்போஸ்டிலோடு, இந்தியாவுக்கு' என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள், ஒரே கவரில் வரும்.

பிட்ஸ்பர்க் பெருமாள் பக்தன் எழுதியது:

பென்சில்வேனியா ஆட்கள் யாராவது இந்த இழையைப் படித்தால்: இங்கே இதற்குப் பெயர் 'சப்சிஸ்டன்ஸ் சர்டிபிகேட்', 40 டாலர். ஜார்ஜியா, கென்டக்கியில் 'எக்சிஸ்டன்ஸ்' என்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பொருள் ஒன்றுதான். முன்பெல்லாம் இங்கே பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ரிப்போர்ட், நிறையப் பேர் அதையே மறந்துவிடுவார்கள். 2025-லிருந்து வருஷா வருஷம் ஆக்கிவிட்டார்கள், 7 டாலர், எல்.எல்.சி-க்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. ஏழு டாலர்தானே என்று அலட்சியமாக இருந்தால் 2027 ரிப்போர்ட்டிலிருந்து கம்பெனியைக் கலைத்துவிடுவார்களாம். தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மாவரைக்கிறவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, வந்து சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது, அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பெயரை யாரும் எடுக்கவில்லை, முதல் நாள் இரவே பார்த்துவிட்டேன், அப்புறம்தான் தூக்கம் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே போன் போட்டேன், ஆடிட்டர் ஐயா சொன்னது சரி, ஏழெட்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். எக்ஸ்.டி எண் கிடைத்தது. பி.ஐ.ஆர் 2024-க்கு ஒன்று, 2025-க்கு ஒன்று. ஒவ்வொன்றும் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷத்துக்காகவா கம்பெனி செத்துக் கிடந்தது என்று வயிறு எரிந்தது. கிளியரன்ஸ் லெட்டர், 801, 401 எல்லாம் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் பக்கத்தில் 'இன் எக்சிஸ்டன்ஸ்' என்று மாறியதைப் பார்த்த மனைவி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊரில் இருக்கிற அவள் அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, வாழ்த்துகள் என்று போட்டார்.

அப்புறம்தான் கூத்து. இரண்டு சர்டிபிகேட்டையும் எடுத்து அனுப்பினேன். லோன் ஆபீசரிடமிருந்து பதில் வருகிறது: "நன்றி. ஒன்று ஃபேக்ட் சர்டிபிகேட், ஒன்று அக்கவுண்ட் ஸ்டேட்டஸ். குட் ஸ்டாண்டிங் எங்கே?" ஐயா முன்பே எச்சரித்திருந்ததால் தயாராக இருந்தேன். கம்ப்ட்ரோலர் தாளில் 'குட் ஸ்டாண்டிங்' என்ற இரண்டு வார்த்தை வருகிற வரியில் மஞ்சள் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஓகே என்று வந்துவிட்டது. 15 டாலர், 75, 15, அதுபோகத் தேடல் கட்டணம் சில டாலர், மொத்தச் செலவு அவ்வளவுதான்.

லீஸ் கையெழுத்து அடுத்த செவ்வாய். கட்டட உரிமையாளருக்கும் அதே இரண்டு தாள் வேண்டுமாம், அனுப்பிவிட்டேன்.

பழைய ஆடிட்டர் எழுதியது:

நல்லது தம்பி. லோன் கைக்கு வர இழுத்தடித்தால் 30 நாள் தாண்டிவிடும், செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தாளை மட்டும் புதிதாக எடுக்கச் சொல்லுவார்கள், இன்னொரு 15 டாலர் எடுத்து வைத்திருங்கள். பழையதையே நீட்டிப் பார்க்காதீர்கள்.

பே ஏரியா அக்கா எழுதியது:

மஞ்சள் கோடு, சூப்பர்.

ஹூஸ்டன்காரன் எழுதியது:

இதைப் படித்துவிட்டு என் கம்பெனியையும் தேடிப் பார்த்தேன். பி.ஐ.ஆர் 2025 போடவில்லை. இன்னும் 'ஆக்டிவ்' என்றுதான் இருக்கிறது, இன்று ராத்திரியே போட்டுவிடுகிறேன். முதலில் சொன்ன யோசனைக்கு மன்னித்துவிடுங்கள் மாவரைக்கிறவன். அது சரி, உங்கள் மாவு ஹூஸ்டன் பக்கம் எந்தக் கடையிலாவது கிடைக்குமா?